விளம்பரம் சொன்னது எது, நாம் சேர்த்துக்கொண்டது எது?

ஒரு பற்பசைப் பெட்டியில் "பல் கூச்சத்தைக் குறைக்க உதவுகிறது" என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லும்போது நம் வாயில் என்ன வருகிறது? "இதைத் தேய்ச்சா பல் கூச்சம் போயிடுமாம்." பெட்டி அப்படிச் சொல்லவில்லை. "குறைக்க" என்றுதான் இருக்கிறது. "போய்விடும்" என்பது நாம் போட்டது. "உதவுகிறது" என்றுதான் இருக்கிறது. எவ்வளவு உதவும், எத்தனை நாளில் உதவும், எல்லோருக்கும் உதவுமா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

விளம்பரம் தன் வேலையின் பெரும்பகுதியை இந்த இடைவெளியில்தான் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். அப்பட்டமான பொய் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பாதியில் நிறுத்திய வாக்கியம் அவ்வளவு எளிதில் மாட்டாது. மீதியை நாமே முடித்துக்கொள்கிறோம். நாமே முடித்ததால் அது நம் சொந்த எண்ணம் போலத் தோன்றுகிறது. சொந்த எண்ணத்தை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்கான வழிகாட்டிதான் இது.

தேவையானவை ஒரு நோட்டும் பேனாவும், ஒரு நாளைக்குப் பத்து நிமிடமும். தினம் ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆராயத் தொடங்கினால் இரண்டே நாளில் சலித்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். "நான் விளம்பரத்துக்கெல்லாம் மயங்குற ஆள் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த எண்ணத்துக்கே ஓர் ஆய்வுப் பெயர் உண்டு. 1983-இல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் இதை 'மூன்றாம் நபர் விளைவு' என்று குறிப்பிட்டார். ஊடகங்கள் சொல்வது என்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்புகிறோம். எல்லோரும் அப்படியே நினைத்தால் அந்த மற்றவர்கள் யார்? புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. கவனம் சிதறியிருக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றுதான்.

முதல் படி: இது விளம்பரம் என்று கண்டுகொள்வது

சுவரில் இருக்கும் பெரிய பலகையை அடையாளம் காண்பது சுலபம். செய்தி போலவும், நண்பரின் ஆலோசனை போலவும், தேடல் முடிவு போலவும் வருவதுதான் கடினம்.

இது இணையத்தோடு பிறந்த பழக்கம் இல்லை. 1929-இல் ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூவில் இளம்பெண்கள் சிலர் பொது இடத்தில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது கூடாது என்று கருதப்பட்ட காலம் அது. அவர்கள் கையில் இருந்தவை 'விடுதலையின் தீப்பந்தங்கள்' என்று சொல்லப்பட்டன. பெண்ணுரிமைப் போராட்டமாகவே பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். அவர் அப்போது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டைத் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார். செய்தியைப் படித்தவர்கள் விளம்பரம் ஒன்றைப் படிப்பதாக நினைத்திருக்க வழியே இல்லை.

எனவே முதல் ஒன்றிரண்டு நாள் எண்ணுவது மட்டும்தான் வேலை. காலையில் போனைத் திறந்ததிலிருந்து மதியம் வரை, உங்களை எதையாவது வாங்கவோ, பதிவு செய்யவோ, நம்பவோ தூண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். தேடல் முடிவுகளின் மேலே சிறிய எழுத்தில் 'ஸ்பான்சர்ட்' என்று இருக்கிறதா? யூடியூபர் ஒருவர் வீடியோவின் நடுவில் ஒரு செயலியைப் புகழ்ந்தபோது 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்று ஓரத்தில் வந்ததா? பத்திரிகைக் கட்டுரையின் தலையில் 'விளம்பரதாரர் பக்கம்' என்று இருந்ததா? படத்தில் நாயகன் குடிக்கும் குளிர்பானத்தின் பெயர் கேமராவுக்கு நேராகத் திரும்பியிருந்ததா?

ஐயம் வந்தால் கேட்க வேண்டியது இது: இதைச் சொன்னவருக்கு நான் வாங்கினால் என்ன கிடைக்கும்? காசு, இலவசப் பொருள், கமிஷன் வரும் லிங்க் என்று ஏதாவது கிடைக்கும் என்றால் அவர் பேச்சில் விளம்பரம் கலந்திருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உண்மையாகவே அந்தப் பொருள் அவருக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் பிடிக்காமல் போயிருந்தால் அந்த வீடியோ நம் கண்ணில் பட்டிருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு பத்தியாக எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் விளம்பரம் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். வலப்பக்கம் உங்களுக்கு என்ன புரிந்தது என்று, நண்பரிடம் சொல்வது போல எழுதுங்கள். அப்புறம் வலப்பக்கத்தில் இருந்து, இடப்பக்கத்தில் இல்லாத ஒவ்வொரு சொல்லின் அடியிலும் கோடு போடுங்கள். கோடு போட்டதெல்லாம் நீங்கள் சேர்த்துக்கொண்டவை.

சில நாள் செய்தால் ஒரே மாதிரியான சொற்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். "வரை" என்பதை எடுத்துக்கொள்வோம். "70% வரை தள்ளுபடி" என்றால் கடையில் ஏதோ ஒரு பொருளுக்கு 70%. மற்றதெல்லாம் 5% ஆக இருந்தாலும் வாக்கியம் உண்மைதான். "24 மணி நேரம் வரை நீடிக்கும்" என்றால் 6 மணி நேரத்தில் தீர்ந்துபோனாலும் அந்த வாக்கியம் உடைவதில்லை. "முதல்" என்ற சொல் இதன் மறுபக்கம்: "இந்த விலை முதல்" என்றால் அந்த விலையில் கிடைப்பது நீங்கள் படத்தில் பார்த்த மாடலாக இருக்க வேண்டியதில்லை.

ஒப்பீட்டுச் சொற்களில் பாதி காணாமல் போயிருக்கும். "இரண்டு மடங்கு வெண்மை" எதைவிட? வெறும் தண்ணீரில் அலசியதைவிடவா, அதே நிறுவனத்தின் பழைய தூளைவிடவா, போட்டியாளரைவிடவா? விளம்பரம் சொல்லாவிட்டால், நம் மனம் தனக்குத் தெரிந்த போட்டிப் பொருளை அந்த இடத்தில் வைத்துவிடும். "இதைவிடச் சிறந்தது வேறில்லை" என்ற வாக்கியத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். எல்லாப் பொருளும் ஒரே தரத்தில் இருந்தாலும் அது உண்மையாகவே இருக்கும். நமக்கோ "இதுதான் முதலிடம்" என்று கேட்கும்.

"இயற்கையான" என்ற சொல்லில் நான் அதிகக் கவனமாக இருப்பேன். பாதுகாப்பானது என்று வலப்பக்கத்தில் எழுதாதவர்கள் குறைவு. அரளி விதையும் இயற்கைதான்.

எந்த வாக்கியத்தைச் சோதிக்க முடியும், எதைச் சோதிக்கவே முடியாது என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். "உலகின் இனிமையான காலைப்பொழுது" என்பதை யாராலும் மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது. இப்படிப்பட்ட வெறும் புகழ்ச்சியைப் பொதுவாகச் சட்டம் கண்டுகொள்வதில்லை. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1891-இல் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற லண்டன் நிறுவனம், தன் புகை உருண்டையை (மூக்கால் உறிஞ்சும் மருந்துப் பொருள்) நாளைக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. அதற்காக 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற பெண்மணி சொன்னபடியே பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணத்தைக் கேட்டார். "அது வெறும் விளம்பரப் பேச்சு" என்று நிறுவனம் வாதாடியது. 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்னதே விளையாட்டுப் பேச்சு இல்லை என்பதற்குச் சாட்சி என்றார்கள் நீதிபதிகள்.

அந்த வழக்கிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரம் தன்னை எங்கே கட்டிப்போட்டுக்கொள்கிறது என்று தேடுங்கள். "பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பணம் வாபஸ்" என்பது கட்டு. "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் குறிக்கோள்" என்பதில் கட்டே இல்லை. கட்டு இருக்கும் வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள்.

மூன்றாம் படி: எண்ணைக் கண்டால் நிற்பது

எண் வந்ததும் நம் எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. அளந்திருக்கிறார்கள், அதனால் உண்மையாக இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் அளந்திருப்பார்கள்தான். எதை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

2007-இல் பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கோல்கேட்டின் ஒரு விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? மற்ற எல்லாப் பற்பசைக்கும் சேர்த்து மீதி 20% என்றுதானே? ஆனால் கணக்கெடுப்பில் ஒரு மருத்துவர் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளைப் பரிந்துரைக்க இடம் இருந்தது. வேறொரு பற்பசையும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. எண் சரி, அது தூண்டிய கணக்குத் தவறு.

இன்னொன்று 2009-இல் அமெரிக்காவில் நடந்தது. கெல்லாக்கின் ஃப்ராஸ்டட் மினி-வீட்ஸ் என்ற காலை உணவு பிள்ளைகளின் கவனத்தை ஏறக்குறைய 20% உயர்த்துவதாக மருத்துவ ஆய்வில் தெரியவந்திருக்கிறது என்று விளம்பரம் வந்தது. அந்நாட்டின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆய்வை எடுத்துப் பார்த்தது. சாப்பிட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஏதாவது முன்னேற்றம் இருந்தது. 20 சதவீதமோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் ஒன்பதில் ஒருவர். பிள்ளைகளை ஒப்பிட்டது யாரோடு என்றால், காலை உணவே சாப்பிடாத பிள்ளைகளோடு. வேறு எந்த உணவைக் கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பது அந்த ஒப்பீட்டில் தெரியாது. இந்த ஒரு வழக்கை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால் எண்களைப் பற்றிய பாதிப் பாடம் முடிந்தது என்பேன்.

நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்விகள்: எத்தனை பேரிடம் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், யார் செலவில் நடந்தது. அழகுப் பொருள் விளம்பரங்களில் "90% பெண்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று வந்தால் கீழே பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில சமயம் மொத்தமே சில டஜன் பேர்தான் இருப்பார்கள். ஒப்புக்கொண்டது எதை? "சருமம் மென்மையாக உணர்ந்தேன்" என்பதை. அது அளவீடு இல்லை, உணர்வு.

சதவீதம் எதன் சதவீதம் என்பது இன்னொரு பொறி. ஒரு நோய் 10,000 பேரில் 2 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத்திரை அதை 1 ஆகக் குறைக்கிறது. "ஆபத்தை 50% குறைக்கும்" என்று விளம்பரம் செய்யலாம், பொய் இல்லை. "10,000 பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் பயன்" என்றும் சொல்லலாம்; அதுவும் அதே உண்மைதான். எது விளம்பரத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே போல "99.9% கிருமிகளை அழிக்கும்" என்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட சில கிருமிகளை வைத்து, குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு எடுத்த கணக்கு. நம் வீட்டுத் தரையில் அரை நிமிடத்தில் துடைத்துவிட்டுப் போவது வேறு கதை. 10 லட்சம் கிருமியில் 0.1% என்றாலும் 1,000 மிஞ்சும்.

எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது நல்ல மருந்து. 1988-இல் லெவின், கேத் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே இறைச்சியைச் சிலரிடம் "75% கொழுப்பற்றது" என்றும், சிலரிடம் "25% கொழுப்பு" என்றும் சொன்னார்கள். முதல் கூட்டம் அதைத் தரமானதாக மதிப்பிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு அந்த வித்தியாசம் குறைந்தது. கையில் அனுபவம் இல்லாதபோதுதான் சொல்லின் பிடி இறுகுகிறது.

நான்காம் படி: படத்தைத் தனியாக, ஒலியைத் தனியாக

வீடியோ விளம்பரத்தை முதலில் சத்தம் இல்லாமல் பாருங்கள். யார் இருக்கிறார்கள், எந்த வயது, எப்படிப்பட்ட வீடு, பொருள் எத்தனை நொடி தெரிகிறது என்று குறியுங்கள். அப்புறம் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலி மட்டும் கேளுங்கள். பொருளைப் பற்றி உண்மையில் சொல்லப்பட்டது எவ்வளவு குறைவு என்பது அப்போது தெரியும். கார் விளம்பரத்தில் காலியான மலைப்பாதை ஓடும்; ஒலியில் காரைப் பற்றி ஒரு தகவலும் இருக்காது.

படத்துக்கு ஒரு வசதி உண்டு. வாக்கியத்தைப் பொய் என்று நிரூபிக்கலாம். மலையருவிப் படத்தைப் பொய் என்று எப்படி நிரூபிப்பது? சலவைத்தூள் பாக்கெட்டில் பச்சை இலை அச்சிட்டிருந்தால் அது எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. நாம்தான் "சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று படித்துக்கொள்கிறோம். ஆதாரம் காட்டாமல் 'சூழலுக்கு உகந்தது' என்பது போன்ற பொதுப்படையான சொற்களைப் போடுவதைத் தடை செய்து ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. இலைப் படத்தைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு இன்னும் பெரும்பாலும் நம்மிடம்தான்.

கண்ணால் பார்த்தோமே என்ற நம்பிக்கைக்கு இரண்டு பழைய வழக்குகள். ரேப்பிட் ஷேவ் என்ற சவரக் கிரீமின் தொலைக்காட்சி விளம்பரத்தில் உப்புத்தாளின் மேல் கிரீமைத் தடவி, ஒரே இழுப்பில் மணலை வழித்து எடுத்தார்கள். உண்மையில் அது உப்புத்தாளே இல்லை. பிளெக்ஸிகிளாஸ் என்ற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின் மேல் தூவிய மணல். நிஜ உப்புத்தாளை ஏறக்குறைய 80 நிமிடம் ஊறவைத்தால்தான் அப்படி வழிக்க முடியும். 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏமாற்று என்றது. இரண்டாவது, 1990-இல் வந்த வால்வோ கார் விளம்பரம். ராட்சத டிரக் ஒன்று வரிசையாக நிற்கும் கார்களின் மேல் ஏறிப் போகிறது; வால்வோ மட்டும் நசுங்கவில்லை. அந்த வால்வோவுக்கு உள்ளே முட்டுக்கொடுத்திருந்தார்கள், மற்றக் கார்களின் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரியவந்தது.

இன்று தகடும் மணலும் தேவையில்லை, கணினியே போதும். திரையின் அடியில் "காட்சி சித்திரிக்கப்பட்டது" என்று இரண்டு நொடி வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் மருத்துவரா நடிகரா என்பதும் அந்த அடிவரியில்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: எந்த நரம்பைத் தொடுகிறது?

விளம்பரம் பார்த்து முடித்த கணத்தில் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். ஆசை, பயம், ஏக்கம், குற்றவுணர்வு, வெட்கம். பெற்றோரைக் குறிவைப்பவை பெரும்பாலும் குற்றவுணர்வில் முடியும்: பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோமோ?

வெட்கத்தை எப்படி உண்டாக்கலாம் என்பதற்கு 'லிஸ்டரின்' என்ற வாய் கொப்பளிக்கும் திரவத்தின் கதை நல்ல பாடம். 1879-இல் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக உருவான திரவம் அது. ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவரின் பெயரை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். 1920-களில் அதைத் தயாரித்த நிறுவனம் 'ஹாலிடோசிஸ்' என்ற, பலரும் கேள்விப்பட்டிராத மருத்துவச் சொல்லை எடுத்து, வாய் நாற்றத்தால் கல்யாணம் தள்ளிப்போகிறது, முகத்துக்கு நேரே சொல்ல யாரும் இல்லை என்று கதை கதையாக விளம்பரம் செய்தது. பெரிய மருத்துவப் பெயர் வந்ததும் அன்றாட விஷயம் ஒன்று நோயாக மாறியது. சளி பிடிக்காமல் தடுக்கும் என்றும் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். 1975-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை மறுத்து, ஏறக்குறைய 1 கோடி டாலர் மதிப்புள்ள விளம்பரங்களில் சளியையோ தொண்டை வலியையோ இது தடுக்காது என்று நிறுவனமே சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. சும்மா நிறுத்தினால் போதாது, மக்கள் மனத்தில் தங்கிவிட்ட நம்பிக்கையைத் திருத்தவும் வேண்டும் என்பது அந்த உத்தரவின் அடிப்படை. அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த விளம்பரத்தைப் பார்க்கும் முன் இது எனக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததா? கைமுட்டியின் நிறம், கண்ணடிக் கோடு, தலையணையின் உயரம் என்று நேற்று வரை நினைக்காத ஒன்று இன்று உறுத்தினால், மருந்தோடு சேர்த்து நோயும் அதே இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

ஆறாம் படி: விலையும் அவசரமும்

அடித்துப் போட்ட பழைய விலை, பக்கத்தில் புது விலை. பழைய விலையைப் பார்த்த கணத்திலேயே நம் அளவுகோல் அங்கே போய் உட்கார்ந்துவிடும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974-இல் இந்த 'நங்கூர' விளைவை விளக்கினார்கள். முதலில் காதில் விழுந்த எண், சம்பந்தமே இல்லாததாக இருந்தாலும், நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பழைய விலைக்கு யாராவது எப்போதாவது வாங்கினார்களா? இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தில், தள்ளுபடி அறிவித்தால் கடந்த 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி விதி இல்லாத இடத்தில் நீங்களே செய்யலாம்: வாங்க நினைக்கும் பொருளின் விலையை நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

ஒருமுறை மெத்தை வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம் ஓடியது: சலுகை முடிய 9 நிமிடம். கை பரபரத்தது. வேறு போனில் அதே பக்கத்தைத் திறந்தேன்; அங்கே கடிகாரம் 10 நிமிடத்திலிருந்து புதிதாக ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஓடும் கடிகாரத்தைக் கண்டால் இன்னொரு போனில் திறந்து பார்க்காமல் இருப்பதில்லை. "இன்னும் 2 மட்டுமே உள்ளது", "இப்போது 37 பேர் பார்க்கிறார்கள்" என்பவையும் இதே இனம். சில உண்மையாக இருக்கலாம். ஆனால் அவை எல்லாமே நம்மை யோசிக்க விடாமல் செய்யவே வைக்கப்பட்டவை. ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-இல் இத்தகைய வேலைகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். சேருவதற்கு ஒரே பொத்தானும் விலகுவதற்கு ஏழு பக்கமும் வைப்பது, "வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை" என்று மறுப்பவரை வெட்கப்பட வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

இதற்கு மாற்று எளிது. கார்ட்டில் போட்டுவிட்டு ஒரு இரவு தூங்குங்கள்.

ஏழாம் படி: பழகிய பெயரைப் பற்றி

இதுவரை சொன்ன ஆறு படிகளும் விளம்பரத்தைக் கவனித்துப் பார்க்கும்போது உதவும். கவனிக்காமல் கடந்துபோவதற்கு உதவாது. 1968-இல் ராபர்ட் ஸஜாங்க் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத சொற்களையும் அறியாத எழுத்துகளையும் திரும்பத் திரும்பக் காட்டியதாலேயே மக்களுக்கு அவற்றின் மேல் விருப்பம் கூடுவதைக் காட்டினார். 1977-இல் வேறு மூவர் செய்த ஆய்வில், இரண்டு வார இடைவெளிகளில் மறுபடி கேட்ட வாக்கியங்கள், உண்மையோ பொய்யோ, கேட்கக் கேட்க அதிக உண்மையாகத் தோன்றின. தினமும் காதில் விழும் இரண்டு வரிப் பாட்டு செய்வது இதைத்தான். அதில் வாதமே கிடையாது, மறுக்கவும் ஒன்றும் இல்லை.

இதற்கு முழு மருந்து என்னிடம் இல்லை. ஓரளவுக்கு உதவுவது ஒன்று: கடை அடுக்கின் முன் நிற்கும்போது கை ஒரு பெயரை நோக்கிப் போனால், "இந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொள்வது. பயன்படுத்திப் பார்த்ததாலா, பயன்படுத்தியவர் சொன்னதாலா, பாட்டாலா? பாட்டால் என்றால் பின்பக்கத்தைத் திருப்பி, உட்பொருட்களைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

ஏறக்குறைய எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, விளம்பரம் தங்களை வாங்கவைக்கப் பார்க்கிறது என்பதே புரிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் சொன்னது. அதற்கு முன்பே, கனடாவின் கியூபெக் மாகாணம் 1980-லிருந்து 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடுத்திருக்கிறது. ஆகவே சின்னப் பிள்ளையிடம் "அது விளம்பரம், நம்பாதே" என்று சொல்வதில் பயன் குறைவு. விளம்பரம் குறைவாகக் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்வதே சரி.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையோடு விளையாட்டாகச் செய்யலாம். விளம்பரம் தொடங்கியதும் எதை விற்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி. "அவங்க சொல்லாம விட்டது என்ன?" என்று கேட்டுச் சரியாகச் சொன்னால் இரண்டு. அவர்களே ஒரு பழைய செருப்புக்கு விளம்பரம் எழுதட்டும், பொய் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. "நீண்ட அனுபவம் கொண்டது" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். உள்ளிருந்து செய்து பார்த்த பிள்ளைக்கு அதற்கப்புறம் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். எல்லாம் பொய் என்று ஒதுக்குவதும் எல்லாம் மெய் என்று விழுங்குவதும் யோசிக்காமல் இருப்பதற்கான இரண்டு வழிகள். என்ன பொருள், என்ன அளவு, என்ன விலை, எங்கே கிடைக்கும், பழுதானால் என்ன செய்வார்கள் என்று நேராகச் சொல்லும் விளம்பரம் நமக்கு உதவி செய்கிறது. அதைக் கண்டால் நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். நானும் போடுவேன், எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் உண்டு.

உண்மையாகவே ஏமாற்றும் விளம்பரம் ஒன்று மாட்டினால் அதை உங்களோடு விட்டுவிட வேண்டாம். பல நாடுகளில் நுகர்வோர் ஆணையமோ விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்போ இருக்கிறது. அவற்றில் பலவற்றில் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவைப்படாது. நிறுவனத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள்: "நீங்கள் சொல்லும் ஆய்வு எது, எங்கே படிக்கலாம்?" பதில் வராததும் ஒரு பதில்தான், அதையும் புகாரோடு சேருங்கள். திரையில் வந்ததாக இருந்தால் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைய விளம்பரம் ஒரே மணி நேரத்தில் மறைந்துவிடக்கூடும். புகாரில் உங்கள் கோபத்தை எழுதுவதைவிட நோட்டின் அந்த இரண்டு பத்திகளை அப்படியே எழுதுவது வலுவானது: விளம்பரம் சொன்னது இது, சாதாரண வாசகர் புரிந்துகொள்வது இது, உண்மை இது. பில்லையும், பொருள் வந்த அட்டைப்பெட்டியையும் புகார் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். அந்த வாக்கியம் பெரும்பாலும் பெட்டியின் மேல்தான் அச்சாகியிருக்கும்.